ஒரு மணிக்கு அணைந்துபோகும் கணினி

போன மாதம் தியோவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். தியோ என் முதலாளியாக இருந்தவர். அவர் ஓய்வெடுத்துக்கொண்ட பிறகு கணினிக் கடையை அவள்தான் நடத்துகிறாள். கிராஃபிக்ஸ் கார்டு மாற்றிக்கொண்டு போனவர்கள், கணினி தானாக அணைந்துபோகிறது என்று திரும்பி வந்தால் வரிசையாக என்னென்ன பார்க்க வேண்டும் என்று, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்காக ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். எழுதித் தந்தேன். மலாய் மொழியில் பதினோரு வரி. பட்டறை மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார்களாம். செல்வராஜு அண்ணன் வீட்டு விஷயம் அந்தப் பதினோரு வரியில் அடங்கவில்லை. அதைத் தமிழில் தனியாக எழுதுகிறேன்.

நான், நாடு விடுதலையடைந்த மெர்டேக்கா வருஷத்தில் பிறந்தவள். இருபது வயதில் பத்து பெரண்டாம் என்ற ஊர்ப்பக்கம் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுக்கு ஒட்டுகிற வேலை. கையில் பட்டை கட்டி, அந்தப் பட்டையை மேசையோடு ஒயரால் இணைத்திருப்பார்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சில்லைக் கொன்றுவிடும் என்பதற்காக. இருபத்தைந்து வருஷம் அப்படிக் கட்டுண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. மைக்ராஸ்கோப்புகளைப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். எங்களை அனுப்பவில்லை.

காஜா பெராங் சாலையில் கடை வரிசை ஒன்றில், கணினிக் கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. கல்லாவுக்கு ஆள் தேடியிருக்கிறார்கள். தியோ என்னை உட்காரவைத்து எதுவும் கேட்காமல் ஒரு கிராஃபிக்ஸ் கார்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. முதலில் பக்கத்திலிருந்த கணினியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டேன். பிறகு கார்டை ஓரத்தில் பிடித்து வாங்கினேன். அவர் என்னைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார். "நாளைக்கு ஒன்பதரைக்கு" என்றார். கல்லாவில் நான் ஒருநாளும் உட்காரவில்லை.

தியோ மெலிந்த மனிதர். முன்பு தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்த்தவர். என்னோடு மலாயில்தான் பேசுவார், அதுவும் சிக்கனமாக. ஒரு மெஷின் வந்தால் என் பின்னால் வந்து நின்று, "என்ன தெரியுது?" என்று கேட்பார். ஆரம்பத்தில் நான், "பவர் சப்ளை போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்பேன். அவர் தலையை ஆட்டி, "நினைக்கிறது அப்புறம். என்ன தெரியுது?" என்பார். "ஃபேன் சுத்தல. விளக்கு எரியுது" என்று நான் கண்டதைச் சொன்னால்தான் அடுத்த மேசைக்குப் போவார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் எல்லாரும் அந்தக் கண்ணாடிக்குப் பயந்தோம்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மெஷினைத் திறக்கும்போது அதன் சொந்தக்காரர் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவசரம் என்பவர்களிடம், அவசரம் இல்லாத நாளில் வரச் சொல்லி அனுப்பிவிடுவார். கழற்றிய பழைய கார்டைப் பையில் போட்டு அவர்கள் கையிலேயே கொடுப்பார். வேலைச்சீட்டில் என்ன குறை, என்ன காரணம், என்ன செய்தோம் என்று மூன்று கட்டம். மூன்றையும் நிரப்பாமல் எந்த மெஷினும் வாசல் தாண்டாது.

கிராஃபிக்ஸ் கார்டு என்பது கணினியில் படம் வரைவதற்கென்றே இருக்கிற தனி அட்டை. கடிதம் அடிக்கிறவர்களுக்கு அது தேவையில்லை. விளையாடுகிறவர்களுக்குத் தேவை. புது விளையாட்டு வர வர, பழைய கார்டு வேகமாக வரைய முடியாமல் திணறும், படம் விட்டுவிட்டு ஓடும். அப்போது எங்களிடம் வருவார்கள்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பழைய கார்டுக்கு உண்டான மென்பொருளை முதலில் நீக்க வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை ஒருமுறை அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை விட வேண்டும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, இரும்பைத் தொட்டு, இரண்டு ஸ்க்ரூவை எடுத்து, கார்டு உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின் கோடியில் உள்ள சின்னக் கொக்கியை விரலால் அழுத்தினால் பழையது வந்துவிடும். கொக்கியை மறந்து இழுத்தவர்கள் எல்லாம் செருகியிருக்கும் அடிப்பலகையான மதர்போர்டையும் சேர்த்து வாங்க வேண்டிவரும். புதியது நீளமாக இருக்கும். ஹார்டு டிஸ்க் இடிக்கும், அதை ஒரு தட்டு கீழே இறக்க வேண்டும். புதியது மின்சாரமும் அதிகம் தின்னும். அதற்குத் தனி ஒயர் ஒன்று செருக வேண்டும். எல்லாம் முடிந்ததும் திரையின் ஒயரைப் புதுக் கார்டின் பின்னால் செருக வேண்டும். மதர்போர்டிலும் அதே மாதிரி ஒரு துளை இருக்கும், அதில் செருகக் கூடாது.

கடைசி வாக்கியத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. கிளேபாங்கிலிருந்து ஒரு ஆசிரியர் வந்து கார்டு மாற்றிக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து வழியில் பார்த்தபோது, "ராத்திரிக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசம்மா. புல்லுல ஒவ்வொரு இலையும் தெரியுது" என்றார். பிறகு வேறு வேலையாக மெஷினைக் கொண்டுவந்தார். நாங்கள் எப்படிச் செருகியிருக்கிறோமோ அதேபோலத்தான் வீட்டிலும் செருகியதாகச் சொல்லி, எடுத்துவைத்திருந்த படத்தைக் காட்டினார். திரையின் ஒயர் மதர்போர்டில் இருந்தது. ஒரு மாதமாகப் புதுக் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான் பேசாமல் சரியான இடத்தில் மாற்றிச் செருகிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். தியோ கண்ணாடியைக் கழற்றினார். ஆசிரியரிடம் சொன்னேன். மாற்றிச் செருகி அதே புல்லைக் காட்டியதும், "அப்படி ஒண்ணும் பெரிய வித்தியாசம் இல்லயே" என்றார்.

இனி செல்வராஜு அண்ணன்.

செமாபோக்கில் வீடு. முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லைவரைக்கும் அவருக்குத் தெரியாத சாலை இல்லை. நீரிழிவு வந்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில், பக்கத்து வீட்டுக்காரரின் வேனில், கணினியை மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அவர் விளையாடியது லோரி ஓட்டுகிற விளையாட்டு. ஐரோப்பாவில் சரக்கு ஏற்றி, ஊர் ஊராகப் போய் இறக்குவது. மேசையில் பொருத்துகிற ஸ்டியரிங்கும் காலால் அழுத்துகிற பெடலும் வைத்திருந்தார். முடுக்குவதும் பிரேக்கும் இடது காலிலேயே.

"படம் ஆடுது தங்கச்சி" என்றார் என்னிடம். "மலை எறங்கும்போது அப்படியே நிக்குது, அப்புறம் ஒரேயடியா குதிக்குது. ரோட்டுல இப்படி ஓட்டினா லைசென்ச பிடுங்கிருவான்."

எதிரில் உட்காரவைத்துத்தான் செய்தேன். ஹார்டு டிஸ்கை இறக்கும்போது எட்டிப் பார்த்து, "எஞ்சின தூக்கிட்டு வேற எஞ்சின் வைக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார். பவர் சப்ளை தாங்குமா என்று பார்த்தேன், தாங்கும். முடிந்ததும் அவரே ஓட்டிப் பார்த்தார். ஒரு மலையை இறங்கினார். மறுபடி ஏறி மறுபடி இறங்கினார். போகும்போது தியோவுக்குக் கை கொடுத்தார், எனக்குத் தலையசைத்தார்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

"ஓட்டிக்கிட்டே இருக்கேன். டப்புன்னு அணைஞ்சு போவுது. கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டா போடுது. சூடு. என் பொண்டாட்டியே சொல்றா, சூடாயிருக்கும், ஆறட்டும்னு."

"அணையும்போது திரையில கீழ ஒரு சின்ன விளக்கு இருக்கே, அது எரியுதா அண்ணே?"

"நான் ரோட்டப் பாப்பேனா, விளக்கப் பாப்பேனா?"

உள்ளே திறந்து தூசி தட்டினேன். கூடுதலாக ஒரு ஃபேன் வைத்தேன். வெப்பத்தை அளந்துகொண்டே மூன்று மணி நேரம் விளையாட்டை ஓட்டினோம். எனக்கு வாகனம் ஓட்டும் உரிமம் கிடையாது. நான் இரண்டு நகரங்களில் கம்பத்தில் மோதினேன். தியோ உட்கார்ந்தபோது அறுபதுக்கு மேலே போகாமல், ஒவ்வொரு திருப்பத்துக்கும் விளக்குப் போட்டு, பின்னால் வந்த லோரிகள் எல்லாம் ஹாரன் அடிக்க அடிக்க ஓட்டினார். மெஷின் அணையவில்லை. கொடுத்தனுப்பினோம்.

நாலாம் நாள் மறுபடி. இந்தத் தடவை பவர் சப்ளையை மாற்றினேன். நினைவகத்தை ஒரு பகல் முழுக்கச் சோதித்தேன். கார்டைக் கழற்றி வேறு மெஷினில் போட்டுப் பார்த்தேன். எதிலும் ஒரு குறையும் இல்லை. கடையில் நன்றாக ஓடுவதும் வீட்டில் சாவதும்தான் எங்கள் தொழிலில் உள்ளதிலேயே மோசமான நோய். காரணம் கட்டத்தில், ‘காணப்படவில்லை’ என்று எழுதினேன். பத்து வருஷத்தில் அந்த வார்த்தையை நான் எழுதியது அதுதான் முதல்தடவை.

மூன்றாம் தடவை வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. தியோவை, முதலாளி என்ற பொருளில் தவுக்கே என்று கூப்பிட்டு, மலாயில் பேசினார். "தவுக்கே, இந்த வேலைய ஆம்பிளகிட்ட குடுத்திருந்தா நான் மூணு தடவ வந்திருக்க மாட்டேன். கார்டு மாத்தறதுக்கு முந்தி இந்தச் சீக்கு கெடையாது. புதுசக் கழட்டிட்டு என் பழசப் போட்டுக் குடுங்க."

தியோ சொன்னார்: "திறந்தது ராணி. மூடப்போறதும் ராணி. மூணு நாள் குடுங்க. அப்புறம் நீங்க சொன்னபடி செய்றேன்."

கடையில் என்னை ராணி என்பார்கள், முழுப்பெயர் இந்திராணி. அவர் ஆம்பிளை பொம்பளை என்று பேசியதுகூட உறைக்கவில்லை. கார்டு மாற்றுவதற்கு முன்னால் இந்தச் சீக்கு இல்லை என்று சொன்னாரே, அதுதான் உறைத்தது.

கணினி தன் நாட்குறிப்பைத் தானே எழுதிக்கொள்ளும். எப்போது தொடங்கியது, எப்போது முறையாக மூடாமல் செத்தது என்று நிமிடத்தோடு இருக்கும். அதை நான் முன்பும் பார்த்திருந்தேன், செத்திருக்கிறது என்பதற்காக மட்டும். இந்தத் தடவை நேரங்களைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். எல்லாமே மத்தியானம் ஒரு மணி. ஐந்து நிமிடம் முன்னே, ஐந்து நிமிடம் பின்னே.

தியோ பின்னால் வந்து நின்றார். "என்ன தெரியுது?"

"மணி தெரியுது" என்றேன். "சூடு மணி பார்க்காது."

அவர் தாளை எடுத்துப் படித்தார். "போய்ப் பார்" என்றார். அதுவரை கடையிலிருந்து யாரும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதில்லை.

மறுநாள் மெஷினோடு செமாபோக் போனேன். முன்கூடத்தில் சுவரோரமாக மேசை. சக்கர நாற்காலியில் அவர். நான் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, வெப்பம் காட்டும் எண்ணைத் திரையின் மூலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஏதோ ஓர் ஊரிலிருந்து மரப்பலகை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஓட்டும்போது அவர் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடும். வாய் மூடிவிடும். கண்ணாடியைப் பார்க்க வேண்டிய இடத்தில் தலை தானாகத் திரும்பும். என்னிடம் கோபம் இருந்ததையே மறந்துவிட்டார்.

பன்னிரண்டரைக்கு அவர் மனைவி லெட்சுமியக்கா வந்து, சட்டைக் கையைத் தூக்கி, இன்சுலின் ஊசி போட்டார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"சாப்பாடு போட்டாச்சு. வாங்க."

"டிப்போ சேந்துட்டு வரேன்."

இரண்டாம் தடவை கூப்பிட்டார். "இந்தா, பக்கந்தான்." மூன்றாம் தடவைக்கு, "ம்." நாலாம் தடவைக்குப் பதில் இல்லை. நான் வெப்பத்தைப் பார்த்தேன், சாதாரணம். மணியைப் பார்த்தேன், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. டப்பென்று எல்லாம் போனது. திரையின் கீழே இருந்த சின்ன விளக்கும் போனது, அதாவது மின்சாரமே வரவில்லை.

"பாத்தியா!" என்றார் அண்ணன். ஒருவகையில் சந்தோஷமாகவே சொன்னார்.

நான் மெஷினைத் தொடவில்லை. ஒயரைப் பார்த்தேன். கூடத்தில் பிளக் போதாது என்று யாரோ நீட்டிப்பு ஒயர் போட்டிருக்கிறார்கள். அது மேசைக்கடியில் ஓடி, சுவரில் துளைத்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் சமையலறைக்குப் போகிறது. "அண்ணே, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று எழுந்தேன்.

சமையலறையில், சோறு ஆக்கும் மின்சாரச் சட்டிக்குப் பக்கத்தில், அந்த ஒயர் செருகியிருந்த சுவிச்சின்மேல் லெட்சுமியக்காவின் விரல் இன்னும் இருந்தது. இன்னொரு கையில் ரசக் கரண்டி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கூடத்திலிருந்து அண்ணன், "சூடுதான்! நான் அப்பவே சொன்னேன்!" என்று கத்தினார்.

"சொல்லிறாத தங்கச்சி" என்றார் லெட்சுமியக்கா, மெல்லிய குரலில்.

நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டாவணும்னு ஆஸ்பத்திரி மிஸி சொல்லியிருக்காங்க. இவரு வர மாட்றாரு. நீங்க மாத்திக் குடுத்தீங்களே, அந்த வாரம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், சத்தமே இல்ல. கோவத்துல இருக்காருன்னு விட்டுட்டேன். அப்புறம் போய்ப் பாக்கறேன், ஸ்டியரிங் மேல தல வச்சுக் கெடக்கறாரு. சட்டையெல்லாம் வேர்வை. படத்துல லோரி ரோட்ட விட்டு எறங்கி பள்ளத்துல நிக்குது. சீனிய எடுத்து ஈறுல தேச்சு, தேச்சு… பாதி சீனி அவரு சட்டையில." கரண்டியை வைத்தார். "அன்னிலேர்ந்து அணைச்சிடறேன். மெஷின் செத்தா வந்து சாப்பிடறாரு."

"முன்னாடி இப்படி இல்லையா அக்கா?"

"முன்னாடி படம் ஆடும்ல. அரை மணியில கண்ணு வலிக்குதுன்னு எந்திரிச்சிருவாரு. இப்பத்தான் கண்ணாடி மாதிரி தெரியுதே. எந்திரிக்கவே மாட்றாரு."

ஆக, அவர் புகார் முழு உண்மை. கார்டு மாற்றிய பிறகு வந்த சீக்குத்தான் அது. இரண்டு தடவை திறந்து பார்த்தும் நான் கண்டுபிடிக்கவில்லை என்றால், நோய் பெட்டிக்குள் இல்லை.

"நீங்களே சொல்லிரலாமே அக்கா?"

"ஊசி நான் போடறேன். மாத்திரை நான் குடுக்கறேன். குளிக்க நான் கூட்டிட்டுப் போறேன். எது ஒண்ணுன்னாலும் போதும் போதும்னு சொல்ற ஆளா ஆயிட்டேன். அவரு நிமிந்து உக்கார்றது அந்த ஒரு எடத்துலதான். அதையும் நான்தான் நிறுத்தறேன்னு தெரிஞ்சா என்னை என்னன்னு நினைப்பாரு?"

எனக்கு இரண்டு கவலை இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை இப்படித் தினமும் கொன்றால் ஒருநாள் ஹார்டு டிஸ்க் போய், அவர் ஓட்டிய சாலையெல்லாம் அதோடு போய்விடும். இன்னொன்று, தியோவின் வேலைச்சீட்டு. நான் யோசித்து, முதல் கவலைக்கு மட்டும் வழி கண்டுபிடித்தேன்.

யுபிஎஸ் என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே பேட்டரி இருக்கும். மின்சாரம் போனால் அது கீச் கீச்சென்று கத்திக்கொண்டு ஐந்து நிமிடம் மெஷினைத் தாங்கும். அதற்குள் முறையாக மூடிவிடலாம். மறுநாளே ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். "அண்ணே, கார்டுல குறை இல்ல. இந்த ஒயருல மின்சாரம் நின்னு நின்னு வருது. இது கத்தினா அஞ்சு நிமிஷத்துல லோரிய ஓரங்கட்டிட்டு எந்திரிச்சிருங்க. இல்லன்னா எல்லாம் அழிஞ்சு போயிரும்" என்றேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. லெட்சுமியக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலைச்சீட்டில் காரணம் என்ற கட்டத்தில், ‘வீட்டு மின்சாரம் தடைபடுகிறது’ என்று எழுதினேன். தியோ படித்தார். "யார் தடுக்கிறாங்க?" என்றார்.

நான் தியோவிடம் எதையும் மறைத்ததில்லை. சொன்னேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கண்ணாடியைத் துடைத்தார். "எழுதினது பொய் இல்லை. பாதி" என்றார். சீட்டைக் கோப்பில் வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு மணிக்குப் பெட்டி கத்தும். அண்ணன் லோரியை ஓரங்கட்டுவார், சாப்பிடப் போவார். ஆனால் அவர் முப்பது வருஷம் சாலையில் இருந்தவர். தினமும் ஒரே நேரத்தில் ஒரு கோளாறு வருகிறதென்றால் அதைப் பொறுத்துக்கொண்டு போகிற ஆள் இல்லை. மின்சார அலுவலகத்துக்குத் தொலைபேசியில் புகார் கொடுத்தார். ஒருமுறை இல்லை, ஆறுமுறை.

இரண்டு பேர் வந்தார்கள். மீட்டரைப் பார்த்தார்கள், பெரிய சுவிச்சுப் பெட்டியைத் திறந்து அளந்தார்கள். அண்ணன் அவர்களை ஒரு மணிவரை இருக்கச் சொன்னார். இருந்தார்கள். ஒரு மணிக்குப் பெட்டி கத்தியது. கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இருவரில் ஒருவர் குனிந்து, ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே சுவர்வரை போய், சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். நான் செய்ததையேதான் செய்தார். திரும்பி வந்து, மலாயில், மாமா என்கிற மாதிரி, "பக்சிக், உங்க வீட்டு மின்சாரம் நல்லாத்தான் இருக்கு" என்றார். இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் அண்ணன் கடைக்கு வந்தார். மடியில் கணினி இல்லை.

"அவதான் சுவிச்ச அணைக்கறான்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்ணே."

"எப்பலேர்ந்து?"

"வீட்டுக்கு வந்த முதல் நாள்லேர்ந்து."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "முப்பது வருஷத்துல எத்தனையோ கெலிண்டான் பக்கத்துல உக்காந்து வந்திருக்கான். சாமான் ஏத்தி எறக்க கூட வர்ற பையனுங்க. எனக்குச் சொல்லாம எவனாவது ஹேண்ட்பிரேக்கத் தொட்டா, அடுத்த பெட்ரோல் ஸ்டேஷன்ல எறக்கி விட்டுட்டுப் போயிருவேன். அவ பயந்துபோய் செஞ்சா, சரி. நீ ஏம்மா? தொறக்கும்போது எதுத்தாப்புல உக்காந்து பாருங்கன்னு என்னைச் சொன்ன ஆளு நீதான். நான் கார்டக் குத்தம் சொல்லி, உன்னையும் கேவலமாப் பேசி, மின்சார ஆபிஸ்காரன்கிட்ட ஆறு தடவ சண்டை போட்டு… என் வீட்டுல எனக்கு மட்டும் தெரியாது."

லெட்சுமியக்கா கேட்டுக்கொண்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவும் ஒரு பாதிதான். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

தியோ கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே வந்தார். வாடிக்கையாளருக்காக அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. செல்வராஜு அண்ணனின் நாற்காலிக்கு முன்னால் நின்று, "தப்பு கடையோடது. சீட்டைப் படிச்சிட்டு நானும் பேசாம இருந்தேன்" என்றார். அண்ணன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று கடையை மூடும்போது தியோ, "பெட்டி வச்சது நல்ல யோசனை. சொல்லாதது தப்பு. ரெண்டும் நீதான்" என்றார். பாராட்டா கண்டிப்பா என்று கேட்கத் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. அண்ணனின் குரல். "மேசைய மாத்திப் போடணும். ஒயரு எட்டல. வர முடியுமா?"

போனேன். லெட்சுமியக்கா கதவைத் திறந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணன் மெஷினைச் சமையலறைக்கு மாற்றச் சொன்னார், சாப்பாட்டு மேசையின் ஒரு கோடிக்கு. மாற்றினேன். ஸ்டியரிங்கைப் பொருத்தி, பெடலைக் கீழே வைத்து, நீட்டிப்பு ஒயரைச் சுருட்டிவிட்டு நேராகச் சுவரில் செருகினேன். அந்தச் சுவிச்சு இப்போது அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். போட்டார்.

ஓட்ட ஆரம்பித்தார். மழை பெய்கிற ஒரு நெடுஞ்சாலை. பன்னிரண்டரைக்கு லெட்சுமியக்கா ஊசி போட்டார். நான் கிளம்புகிறேன் என்றதற்கு, "இரு, சாப்பிட்டுப் போ" என்றார்கள் இருவரும், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காதது போல.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், யாரும் கூப்பிடாமலே, "எடம் பாக்கணும்" என்றார் அண்ணன். விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, லோரிகள் ஓய்வெடுக்கிற ஓர் இடத்துக்குள் திருப்பினார். இரண்டு லோரிகளுக்கு நடுவே ஒரு சந்து காலியாக இருந்தது. பின்பக்கமாக விட வேண்டும்.

"பின்னால எடம் இருக்கா பாரு" என்றார்.

லெட்சுமியக்கா கையில் தட்டோடு வந்து திரைக்குக் குனிந்தார். "இருக்கு. வாங்க. வாங்க… இன்னும் வரலாம்… போதும் போதும்."

நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். சாப்பாடு வந்தது. சோறு, ரசம், வெண்டைக்காய், பொரித்த மீன்.

"எந்த ஊரு இது?" என்றார் லெட்சுமியக்கா, நின்றுகொண்டே.

அண்ணன் திரையில் தெரிந்த சாலைப் பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆளுக்கு ஒரு மாதிரி வந்தது. "வெள்ளக்காரன் ஊரு" என்று முடித்துவிட்டார்.

"இன்னும் எவ்ளோ தூரம் போவணும்?"

"தூரம் கெடக்கு" என்றார் அண்ணன், காலியாக இருந்த நாற்காலியைக் கையால் இழுத்துப் போட்டு. "நீ மொதல்ல உக்காந்து சாப்பிடு."

லெட்சுமியக்கா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.